கேட்டு ஏறும் இருக்கை

இண்டியானாபொலிஸ்
நவம்பர் 10, 1994

கேப்டன் ஹாக்லண்ட் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உங்களுக்கு ஏழு விநாடி கிடைத்தது. நீங்கள் அதை வீணாக்கிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பில்லிங்ஸிலிருந்து மினியாபொலிஸ் போன ஆறு பத்து விமானம். விமானி அறையில் இரண்டு பேருக்கும் பின்னால் மடக்கி விரிக்கும் அந்த ஒற்றை ஜம்ப் சீட்டில், தோள் வார் வரைக்கும் மாட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அவள்தான் நான். லெனோரா காங்கஸ். ரெட் ஹெரான் சரக்கு விமானக் கம்பெனியில் துணை விமானி. வீடு பில்லிங்ஸில், வேலை இண்டியானாபொலிஸில். அதனால் ஊரில் பாதி விமானிகளைப் போல நானும் அடுத்த கம்பெனி விமானங்களில் ஓசியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவள்.

நான் முறைப்படி ஐந்து மணிக்கே வந்து பெயர் கொடுத்தேன். முறைப்படி உள்ளே போய்க் கேப்டனிடம், "உங்க விமானத்துல ஒரு இடம் கிடைக்குமா, கேப்டன்?" என்று கேட்டேன். அவர், "தாராளமா வாம்மா" என்றார். பணிப்பெண்களுக்குச் சாக்லேட் டப்பாவும் கொடுத்தாயிற்று. பயணிகள் சீட்டு எல்லாம் நிரம்பிவிட்டது. கதவு சாத்த இரண்டே நிமிடம். அப்போதுதான் நீங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தீர்கள்.

உங்கள் கேப்டன் முகம் சுருங்கிப்போய், "மன்னிச்சுக்கம்மா, எங்க கம்பெனி ஆளு வந்துட்டாரு" என்றார். நான் எழுந்தேன். நூறு பேர் வேடிக்கை பார்க்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நீங்கள் என்னைத் தாண்டி உள்ளே போனீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு "ஸாரி"கூட இல்லை. கோட் மாட்டும் கொக்கியிடமாவது கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டிருப்பீர்கள்.

உங்கள் கம்பெனி விமானத்தில் உங்களுக்குத்தான் முதல் உரிமை. ஒப்புக்கொள்கிறேன். சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் உட்கார்ந்துவிட்டவரை எழுப்புவதற்கு முன்னால், "எனக்கு அவசரம், உங்களுக்கு எப்படி?" என்று கேட்பது நம் ஆட்களுக்குள் இருக்கிற பழக்கம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோரும் செய்கிறோம்.

அதன்பின் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதினால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். எழுதப் போவதில்லை. உங்கள் பெயரை வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். மினியாபொலிஸ் விமானிகள் அறையில் உங்கள் தபால் பெட்டிக்கு இதை அனுப்புகிறேன்.

லெனோரா காங்கஸ்


மினியாபொலிஸ்
நவம்பர் 15, 1994

திருமதி காங்கஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

அன்று எனக்குப் பணி இருந்தது. பகல் ஒரு மணிக்கு மினியாபொலிஸில் பணிக்கு வந்து கையெழுத்திட வேண்டும். அடுத்த விமானம் எட்டு மணிக்கு. உறைபனி மூட்டத்தால் அந்த எட்டு மணி விமானம் ரத்தானது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை நம்பியிருந்தால் நான் பணிக்குத் தவறியிருப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட நான் தவறியதில்லை.

விதிமுறைப்படி நடந்தேன். மரியாதைக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் வருந்துகிறேன்.

ரோல்ஃப் ஹாக்லண்ட்

பி.கு. "அதன்பின் என்ன ஆயிற்று" என்பதை நீங்கள் எழுதாமல் விட்டது சரியில்லை. இரண்டு நாளாக அது என்னைக் குடைகிறது.


இண்டியானாபொலிஸ்
நவம்பர் 19, 1994

கேப்டன் அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நான் திருமதி இல்லை. இரண்டாவது, காதில் பூ சுற்றாதீர்கள். எட்டு மணி விமானம் ரத்தாகும் என்று காலை ஆறு மணிக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்? வானிலை அறிக்கை பத்து முறை படித்தவள் நான். மூட்டம் ஏழு மணிக்கு மேல்தான் வந்து இறங்கியது. அது உங்கள் அதிர்ஷ்டம். நீங்கள் ஓடி வந்த காரணம் வேறு.

குடைகிறது என்றீர்களே, கேளுங்கள். எட்டு மணி விமானம்தான் என்னுடைய மாற்று ஏற்பாடு. அதுவும் போனது. பதினொரு மணிக்கு சால்ட் லேக் வழியாகச் சுற்றி, இண்டியானாபொலிஸ் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு. நான் கையெழுத்திட வேண்டியது பகல் இரண்டு மணிக்கு. என் விமானம் வேறொருவரோடு பறந்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் முதல் வருடம் தகுதிகாண் வருடம். அந்த வருடத்தில் இரண்டு முறை பணிக்கு வரத் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் முறை ஜூலையில், ஆலங்கட்டி மழையில் போனது. இது இரண்டாவது. டிசம்பர் 8, காலை பத்து மணிக்குத் தலைமை விமானி தோர்ப் முன்னால் எனக்கு விசாரணை.

"ஜம்ப் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், இறக்கிவிட்டார்கள்" என்று சொன்னேன். தோர்ப் நம்பவில்லை. எப்படி நம்புவார்? நான் இறங்கியதும் என் பெயர் எழுதிய அனுமதித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்கள் பெயரில் புதிதாக எழுதினார்கள். காகிதத்தைப் பார்த்தால் அந்த விமானத்தில் நான் கால் வைத்ததே கிடையாது. அந்தக் கேப்டனும் அந்த வாரத்தோடு ஓய்வு பெற்று, முகவரி தராமல் ஊர் சுற்றப் போய்விட்டாராம். "லேட்டா எழுந்துட்டு கதை விடுறவங்க நிறையப் பேரைப் பாத்திருக்கேன்" என்கிறார் தோர்ப்.

ஒன்பது வருடம், கேப்டன்! பீட்ரூட் வயலுக்கு மருந்து தெளித்தேன். ஓட்டை விமானத்தில் வங்கிக் காசோலை மூட்டை சுமந்தேன். ஹீட்டர் வேலை செய்யாத குளிரில் இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு பறந்தேன். எல்லாம் இந்த மூன்று என்ஜின் ஜெட்டுக்காக. பிப்ரவரியில் என் தகுதிகாண் வருடம் முடிகிறது. அதை முடியவிடாமல் செய்துவிடுவார்கள் போலிருக்கிறது. இப்போது பிச்சை கேட்கிற மாதிரிதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

லெனோரா காங்கஸ்


ரெட் லாட்ஜ், மொன்டானா
நவம்பர் 26, 1994

செல்வி காங்கஸ்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நன்றித் திருநாள் விருந்துக்கு வந்த என் அக்கா, "என்னடா, வான்கோழி முன்னாடி உக்காந்து முழிக்கிற?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

மூட்டம் என் காரணம் இல்லை. நீங்கள் சொன்னதே சரி. எட்டு மணிக்குப் போயிருந்தாலும் எனக்கு நேரம் நிறைய இருக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நான் ஓடி வந்தது முடி வெட்டிக்கொள்ள.

ஆமாம். முடி. மினியாபொலிஸில் மில்ட் என்று ஒரு நாவிதர். பதினெட்டு வருடமாக அவரிடம்தான் வெட்டுகிறேன். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு நேரம் சொல்லி வைத்திருந்தேன். தவறினால் அடுத்த நேரம் இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுப்பார். அதற்காகத்தான் உங்களை எழுப்பினேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் போனதற்கும் காரணம் உண்டு. பார்த்திருந்தால் "என்ன அவசரம்?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். அதுதான் வெட்கம்.

அக்கா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவளுக்கு என்மேல் எப்போது கோபம் வந்தாலும் அப்படித்தான்.

எங்கள் சங்கத்தில் ஜம்ப் சீட் விவகாரங்களைப் பார்க்கும் ஆளிடம் பேசினேன். எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தால் போதுமா என்று அவர் மூலம் தோர்ப்பிடம் கேட்கச் சொன்னேன். "கடிதம் எவன் வேணும்னாலும் எழுதலாம். ஆள் நேர்ல வந்து நிக்கட்டும்" என்றாராம்.

எனவே முறைப்படி கேட்கிறேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டிசம்பர் 8 விசாரணையில் எனக்கு ஓர் இடம் கிடைக்குமா? நீங்கள் வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

ரோல்ஃப் ஹாக்லண்ட்


இண்டியானாபொலிஸ்
நவம்பர் 30, 1994

கேப்டன்,

முடிக்காகவா!

கடிதத்தைப் படித்துவிட்டு, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து கத்தினேன். கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. மற்ற ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். அவர்களும் விமானிகள்தான். படித்துக் காட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும். இல்லை, மன்னிக்க வேண்டாம், அந்த அவமானம் உங்களுக்கு வேண்டியதுதான்.

ஒருவர்கூட உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கடைசியில் ஒருவன், "அந்த ஆளு இதை ஒத்துக்காம இருந்திருக்கலாமே, யாருக்குத் தெரியும்?" என்றான். அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

வாருங்கள். இடம் உண்டு. டிசம்பர் 8, காலை பத்து, இண்டியானாபொலிஸ் விமான நிலையத்தின் தெற்குப் பக்கம் ரெட் ஹெரான் கட்டடம், மாடி. தாமதமாக வந்துவிடாதீர்கள். தோர்ப் முன்னால் தாமதத்தைப் பற்றிப் பேசத் தாமதமாக வந்த ஒரே ஆள் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

லெனோரா


போர்ட்லண்ட், ஆரிகான்
டிசம்பர் 7, 1994, காலை 11.40

லெனோரா,

வானிலை அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வேறு காகிதம் இல்லை.

என் பணிச் சுற்று இங்கே முடிந்தது. இங்கிருந்து எங்கள் விமானத்தில் மினியாபொலிஸ், அங்கிருந்து இண்டியானாபொலிஸ், மாலைக்குள் வந்துவிடலாம் என்று திட்டம். மினியாபொலிஸை இப்போது மூடிவிட்டார்கள். பனிப்புயல். நாளை மதியம் வரை ஒரு சக்கரம் இறங்காது. மற்ற வழிகளில் டிக்கெட் வாங்கலாம் என்று போனால், மினியாபொலிஸ் கூட்டம் மொத்தமும் அங்கே நிற்கிறது. காசு கொடுத்தாலும் சீட்டு இல்லை. ஆக, ஜம்ப் சீட். அதுவும் அடுத்த கம்பெனிகளின் ஜம்ப் சீட். எங்கும் எனக்கு முதல் உரிமை இல்லை. உங்கள் நிலைமை என்னவென்று இப்போது புரிகிறது.

சாக்லேட் டப்பா ஐந்து வாங்கியிருக்கிறேன்.

சால்ட் லேக், மாலை 3.15

வந்துவிட்டேன்! போர்ட்லண்டில் அந்தக் கேப்டனிடம் போய் இடம் கேட்டேன். என் அடையாள அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஹாக்லண்ட்... முடி வெட்டப் போன ஹாக்லண்ட் நீதானா?"

என் மூக்கு உடைந்தது. அந்த ஐந்து பேரும் எத்தனை விமானத்தில் தொற்றி எத்தனை பேரிடம் சொன்னார்கள்? ஒரு வாரத்தில் பசிபிக் கடற்கரை வரை வந்துவிட்டது!

"நான்தான்" என்றேன்.

"உன்னை ஏத்த மாட்டேன்னு சொல்லல. ஆனா தொப்பியைக் கழட்டு. எப்படி வெட்டியிருக்கான்னு பாக்கணும்."

கழற்றினேன். வாசலிலேயே, ஊரே பார்க்க. துணை விமானி எட்டிப் பார்த்து, "இதுக்காகவா ஒரு பொண்ணை இறக்கிவிட்டீங்க?" என்றான். எங்கே போகிறேன் என்று சொன்னதும் இருவர் சிரிப்பும் நின்றது. கேப்டன் தானே எழுந்து எனக்கு சீட்டை விரித்துப் போட்டார்.

டென்வர், மாலை 6.05

சால்ட் லேக்கில் எடைப் பிரச்சினை. விமானம் நிறைந்துவிட்டது, ஒரு ஆள்கூடத் தாங்காது என்றார்கள். கேப்டன் ஒரு பெண்மணி, என்னைவிட வயது குறைவு. கணக்குப் போடும் ஆளை போனில் பிடித்து, எரிபொருளை மறுபடி பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து என் எடையைக் கேட்டார்கள். நூற்றுத் தொண்ணூறு பவுண்டு என்றேன்.

"முடி வெட்டினதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்றார் அந்தக் கேப்டன்.

இவருக்கும் தெரியும்! ஆனாலும் கால் மணி நேரம் எனக்காக மல்லுக்கட்டினார். ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்னு" என்றார்.

லெனோரா, ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஓர் உற்சாகம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது செயின்ட் லூயிஸுக்கு ஒரு சரக்கு விமானம். உள்ளே இருபதாயிரம் கோழிக்குஞ்சு. "சத்தம் போடாம ஏறு, பிள்ளைங்க இப்பத்தான் அடங்கியிருக்கு" என்கிறார் அதன் கேப்டன். அடங்கவெல்லாம் இல்லை. காது கிழிகிறது.

செயின்ட் லூயிஸ், டிசம்பர் 8, காலை 6.15

லெனோரா, இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஆறு ஐம்பதுக்கு இங்கிருந்து இண்டியானாபொலிஸுக்கு விமானம். உங்கள் ஊர் நேரப்படி எட்டு ஐம்பதுக்கு வந்துவிடும். பத்து மணிக்குத் தாராளம். ஒரே ஒரு ஜம்ப் சீட். ஐந்து மணிக்கே முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டேன். கேப்டனிடம் கேட்டுவிட்டேன். சரி என்றுவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு ஒருவர் வந்தார். ஓட்டிஸ் பிளெட்ஸோ. நாற்பத்தைந்து வயது இருக்கும், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். உங்கள் ரெட் ஹெரானில் ஆறு மாதமாக விமானப் பொறியாளர். பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி வந்துட்டீங்க சார், நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று சொல்லி, ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான்.

நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கேட்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் வரும். பிறகு எழுந்து போய்க் கேட்டுவிட்டேன்.

"எனக்கு அவசரம். உங்களுக்கு எப்படி?"

அவர் சொல்லத் தயங்கினார். வற்புறுத்தினேன். ஒன்பதரைக்குக் கையெழுத்து. தகுதிகாண் வருடம். ஏற்கெனவே ஒரு முறை தவறியிருக்கிறார். அவருடைய மாற்று ஏற்பாடு சிகாகோ வழி, அதுவும் புயலில் போய்விட்டது.

அடுத்த விமானம் ஒன்பதேகாலுக்கு. உங்கள் நேரப்படி பதினொன்றேகாலுக்கு வந்து சேரும்.

உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை இந்த நிமிடம் மீறுகிறேன். இவரை இங்கே நிற்க வைத்துவிட்டு அங்கே வந்து, ஒருத்தியை வழியில் விட்டது தப்பு என்று தோர்ப் முன்னால் எந்த வாயால் சொல்வேன்? யோசித்துப் பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வேலை போனால் அதற்கு இரண்டாவது முறையும் நானே காரணம். அது தெரிந்தேதான் செய்கிறேன்.

வாக்குமூலத்தைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி, விமான எண், நீங்கள் எழுந்த நேரம், முடி எல்லாம் இருக்கிறது. இதைக் கொண்டு வருகிறவர் பிளெட்ஸோ. நான் ஒன்பதேகாலில் வருகிறேன்.

ரோல்ஃப்


டொலிடோ, ஒஹாயோ
டிசம்பர் 8, 1994, மாலை

ரோல்ஃப்!

கால் தரையில் நிற்கவில்லை. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன், முடிந்தால்.

பத்து மணி. தோர்ப் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "எங்கம்மா உன் சாட்சி?" என்றார். "வந்துடுவார் சார்" என்றேன். பத்து ஐந்து. மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். மினியாபொலிஸ் மூடிக்கிடப்பது எனக்குத் தெரியும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. பத்து எட்டுக்குக் கதவு திறந்தது. சீருடை, தொப்பி, தோளில் பனி. துள்ளி எழுந்துவிட்டேன்.

நீங்கள் இல்லை.

ஓட்டிஸ் கடிதத்தை என் கையில் கொடுத்தார். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். உங்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் உங்களை வெறுத்தேன். முதல் தடவை வெறுத்ததைவிட அதிகமாக. முடிக்காக என்னை எழுப்பினார், இப்போது முன்பின் தெரியாத ஒருவருக்காக என்னைக் கைவிட்டாரே என்று. தோர்ப் கையை நீட்டினார். வாக்குமூலத்தைக் கொடுத்தேன். கடிதத்தைத் தரவில்லை. "அதையும் கொடு" என்றார்.

முழுவதையும் படித்தார். வானிலைப் பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓட்டிஸைப் பார்த்து, "இதை அந்த ஆளே எழுதினாரா? நீ பாத்தியா?" என்றார்.

"முழங்கால்ல வெச்சு எழுதினார் சார். நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். நடுவுல ரெண்டு தடவை எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னார். அவர் சீட்டுலதான் சார் நான் உக்காந்து வந்தேன்."

"இந்தப் பொண்ணு அவருக்குச் சொந்தமா? சினேகிதமா?"

"முகமே சரியா ஞாபகம் இல்லைன்னு சொன்னார் சார்."

"உனக்கு எத்தனை தடவை தவறியிருக்கு?"

"ஒண்ணு சார். இன்னிக்கு அவர் ஏறியிருந்தா ரெண்டு."

தோர்ப் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு. செயின்ட் லூயிஸ்ல அந்த இடத்துல நீ இருந்திருந்தா, சீட்டை விட்டிருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன், ரோல்ஃப். வரவில்லை.

"இல்ல சார்" என்றேன். "ஓடிப்போய் ஏறியிருப்பேன்."

"நானும்தான்" என்றார் தோர்ப். "ஓட்டிஸ் வந்து என் முன்னாடி நின்னிருந்தா, விதியைக் காட்டி அனுப்பியிருப்பேன். ராத்திரி சாப்பாடும் நல்லா இறங்கியிருக்கும்." உங்கள் வாக்குமூலத்தை என் கோப்பில் வைத்து முத்திரை குத்தினார். "அந்த ரெண்டாவது தடவை கணக்குல இல்ல. போ. இல்ல, இரு. பதினொண்ணு இருபதுக்கு டொலிடோ ஓட்டம். துணை விமானி மினியாபொலிஸ் பனியில மாட்டிக்கிட்டான். நீ ஓட்டுறியா?"

ஓட்டுகிறேனா என்று என்னிடம் கேட்கிறார்!

மாடிப்படியில் இறங்கும்போது அழுதேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். ஓட்டிஸ் பக்கத்தில் நின்று, "மேக்கப் இல்லாதது நல்லதாப் போச்சு" என்றார். அதே விமானத்துக்கு அவர்தான் பொறியாளர், விமானி அறையில் எனக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலி. நீங்கள் சீட்டை விடவில்லை என்றால் அந்த விமானத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

இன்னும் இருக்கிறது. ஓடுபாதை முனையில் நிற்கிறோம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, செயின்ட் லூயிஸ் விமானம் இறங்குகிறது, காத்திருங்கள் என்றார்கள். நேரத்தைப் பார்த்தேன், பதினொன்று இருபத்திரண்டு. அது உங்கள் விமானம்! ரேடியோவில் பேச முடியுமா? முடியாது. என் கேப்டனிடம், "அதுல எனக்கு வேண்டியவர் ஒருத்தர் வர்றார்" என்றேன்.

"யாரு, புருஷனா?"

"இல்ல கேப்டன். முடி வெட்டப் போன ஹாக்லண்ட்."

"அவரா!" என்று கத்திவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே மூக்கு விளக்கை மூன்று முறை போட்டு அணைத்தார். உங்கள் விமானம் திரும்பி எங்களைக் கடந்து போயிற்று. அதுவும் ஒரு முறை மினுக்கியது. நீங்கள்தானா? தெரியவில்லை. அடுத்த நிமிடம் எங்களுக்கு அனுமதி வந்துவிட்டது. நான்தான் ஓட்டினேன். மேகத்துக்கு மேலே போனதும் அப்படி ஒரு வெயில், ரோல்ஃப். அப்படி ஒரு வெயில்!

லெனோரா


ரெட் லாட்ஜ்
டிசம்பர் 13, 1994

லெனோரா,

ஒன்பதேகால் விமானத்தில் நான் செத்த பிணம் மாதிரி உட்கார்ந்து வந்தேன். எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியும். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். ஒரு வார்த்தையும் சிக்கவில்லை.

இறங்கி ஓடுபாதையை விட்டுத் திரும்பினோம். எதிரே ஒரு ரெட் ஹெரான் விமானம் நிற்கிறது. அதன் மூக்கு விளக்கு மூன்று முறை மினுக்கியது. "நம்மளையா கூப்பிடுறாங்க?" என்றார் முன்னால் இருந்த கேப்டன். எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, தூரத்துக் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் தெரியவும் இல்லை. ஆனால் நீங்கள் தரையில் இல்லாமல் விமானத்தில் இருக்கிறீர்கள் என்று அந்த விளக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. விருந்தாளி எதையும் தொடக்கூடாது. அதனால் அந்தக் கேப்டனிடம் கேட்டேன். "ஒரே ஒரு தடவை, பதிலுக்கு போட முடியுமா, கேப்டன்?" அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. போட்டார்.

தோர்ப்பைப் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். "ஒண்ணே முக்கால் மணி நேரம் லேட்டு" என்றார். வாசல் வரை கூடவே வந்தார்.

ஊர் திரும்பிய வழியில் மூன்று விமானம். மூன்றிலும் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். இது ஓய்வு பெறும் வரை என்னோடு வரும் போலிருக்கிறது. வரட்டும்.

நீங்கள் சீட்டை விட்டிருக்க மாட்டேன் என்று தோர்ப்பிடம் சொன்னதை நான் நம்பவில்லை. அன்றைக்கு வேண்டுமானால் இருக்கலாம். இனி உங்களால் முடியாது. ஒரு தடவை அந்தப் பக்கத்தில் நின்றுவிட்ட பிறகு யாராலும் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அதற்கு இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

ஜனவரி 4ஆம் தேதி பில்லிங்ஸ் ஆறு பத்து விமானத்துக்கு நான் கேப்டன். அந்த வாரம் உங்களுக்குப் பணி இருக்கும் என்று ஓட்டிஸ் போனில் சொன்னார். ஐந்து மணிக்கே வந்து பெயர் கொடுங்கள். எனக்குத் தெரிந்தவர் என்று நினைத்துக் கேட்காமல் ஏறினால், சத்தியமாக இறக்கிவிடுவேன். எல்லோரையும் போல உள்ளே வந்து, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

உங்களுக்குச் சரி என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

ரோல்ஃப்